குளிருக்குள் இறங்கியவர்

மீன் போடும் பைபர் பெட்டிக்குள் என் கணவர் முதன்முதலாக இறங்கிய பிற்பகல் நல்ல வெயில். பெட்டியை வேப்பமர நிழலுக்கு இழுத்து வைத்திருந்தோம். பாதிவரை கிணற்றுத் தண்ணீர், அதற்கு மேலே நான் உலக்கையால் உடைத்துப் போட்ட ஐஸ். அவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முதலில் நல்ல காலை உள்ளே வைத்தார். பிறகு நோகும் காலை இரண்டு கைகளாலும் தூக்கி விட்டார். இருந்ததும் தண்ணீர் நெஞ்சுவரை ஏறியது. மூச்சு அடைத்தவர்போல வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

"எண்ணும்," என்றார். "எண்ணத் தொடங்கும்."

பதற்றத்தில் எனக்கு இலக்கம் வரவில்லை. 'அருள்நிறை மரியே' செபம் சொல்லத் தொடங்கினேன். ஆறுதலாக, அவசரமில்லாமல் பத்துத் தரம் சொன்னால் மூன்று நிமிடம் வரும். ஆறாவதில் அவருடைய பற்கள் அடிபடும் சத்தம் கேட்டது. எட்டாவதில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. பத்தாவதைப் பாதியில் விழுங்கிவிட்டு, "காணும், எழும்புங்கோ" என்று தோளைப் பிடித்தேன். தோள் பாரைமீனின் முதுகுபோலக் குளிர்ந்து இறுகிக் கிடந்தது.

வெளியே வந்து துவாயால் போர்த்திக்கொண்டு கதிரையில் இருந்தார். உதடு நீலம். பிறகு எழுந்தார். ஊன்றுதடியை எடுக்காமல் வாசல் படலைவரை நடந்தார். திரும்பி வந்தார். மறுபடியும் படலைவரை போனார்.

"கால்நோ இல்லையப்பா," என்றார். "சத்தியமா நோ இல்லை."

அவர் அழுவதை நான் கண்டது அதற்கு முதல் ஒரே ஒரு தரம், அவருடைய தாயின் அடக்கத்தில். அன்று படலையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். நானும் அழுதேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வளவில் நாங்கள் இரண்டு பேரும்தான். யாருக்கும் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் சுழியோடி. கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்குகிறவர். நான் ஊர்காவற்றுறையில் முன்பள்ளி ஆசிரியை. காலையில் சிறுபிள்ளைகளோடு பாட்டுப் பாடிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வருவேன். அவர் விடியக் கடலுக்குப் போய்ப் பின்னேரம் வருவார். உப்பு ஊறிய விரல்களோடு சோற்றைப் பிசைந்து, அன்று கீழே கண்டதைச் சொல்லுவார். மேலே இருக்கும்போது அவர் அதிகம் பேசாத மனிதர். கடலடியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் வாய் ஓயாது.

கெடுதல் நடந்த நாளில் அவர்களுடைய வள்ளம் நெடுந்தீவுக்கு மேற்கே நின்றது. பதினைந்து பாகத்துக்கு மேல் ஆழம். ஒரு பாகம் என்றால் ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்த நீளம். மூன்று சிலிண்டர் காற்றை முடித்துவிட்டு மேலே ஏறியிருந்தார். அதோடு அன்றைய வேலை முடிந்திருக்க வேண்டும். ஆனால் கீழே ஓரிடத்தில் அட்டைகள் அடுக்கி வைத்ததுபோலக் கிடந்ததை இவரே வந்து சொல்லியிருக்கிறார். வள்ளத்தின் சொந்தக்காரரான சம்மாட்டியார், "இன்னொருக்கா இறங்குவியோ?" என்று கேட்டார். இவர் ஓம் என்று சொல்லி நான்காவது சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

ஏறி அரை மணித்தியாலத்துக்குள் தோளும் முழங்கையும் குத்தத் தொடங்கின. தோலுக்குள் எறும்பு ஊர்வதுபோல இருந்ததாம். காற்று மூட்டுக்குள் நின்றுவிட்டது, உடனே திரும்பக் கீழே இறங்கி ஆறுதலாக ஏறினால் சரியாகும் என்று கூட இருந்த சுழியோடி சொன்னான். சிலிண்டரில் காற்று இல்லை. வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் சுருண்டு படுத்தபடி கரைக்கு வந்தார். அழுத்த அறைக்குள் வைத்து இதற்கு வைத்தியம் செய்வார்கள் என்று பிறகுதான் அறிந்தோம். அது எங்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. இரண்டு நாளில் குத்து மாறிவிட்டது. மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டு மீண்டும் கடலுக்குப் போனார். நானும் படலைவரை போய் வழியனுப்பினேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரு நாள் சைக்கிளில் இருந்து இறங்கும்போது இடது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடிப்பு என்றார். ஆறு மாதத்தில் ஊன்றுதடி வந்தது. எண்ணெய் போட்டு உருவினோம். முறிவு வைத்தியரிடம் போய்க் கட்டினோம். நோக் குளிசை விழுங்கி விழுங்கி வயிறு எரிந்தது. சாட்டி மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். கடலுக்குப் போவது நின்றது. பகல் முழுதும் கட்டிலில் கிடந்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கம் மாறிப் படுப்பதற்கு முன் பல்லைக் கடித்துக்கொண்டு தன்னைத் தயார்ப்படுத்துவார். அவர் பக்கம் மாறும்வரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அப்போதுதான் கனடாவில் இருக்கும் என் அண்ணை வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கண்ணாடிக் கதவுள்ள ஒரு சிறிய அறை. உள்ளே வெள்ளைப் பனிப்புகாருக்குள் அண்ணை உள்ளாடையோடும் கையுறையோடும் நின்று துள்ளிக்கொண்டிருந்தான். அவனுக்கு வேலைத்தலத்தில் விழுந்து முதுகில் நோ.

பிறகு அழைத்துச் சொன்னான்: "சைபருக்குக் கீழ நூற்றிப்பத்து மச்சான். மூண்டே மூண்டு நிமிசம். வெளியில வரேக்க முதுகு எண்டு ஒண்டு இருக்கிறதே தெரியேல்லை. பெரிய பெரிய விளையாட்டுக்காரரெல்லாம் இதுக்குத்தான் போறவை."

என் கணவர் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"எங்கட மீன்பெட்டிதானே இது," என்றார். "மீனுக்குக் குடுக்கிற குளிரை மனிசனுக்குக் குடுக்கிறாங்கள்."

சம்மாட்டியாருக்கு ஆள் அனுப்பி ஐஸ் கேட்டோம். அவர் அடுத்த நாளே தன்னுடைய லாண்ட்மாஸ்டர் உழவியந்திரத்தில் ஒரு பழைய பைபர் பெட்டியையும் நான்கு பெரிய ஐஸ்கட்டிகளையும் அனுப்பினார். அவர் வரவில்லை.

முதல் மூன்று மாதம் எங்களுடைய நல்ல காலம். நான் முன்பள்ளியில் இருந்து வரும்போது ஐஸ் வந்திருக்கும். உடைத்துப் போடுவேன். அவர் இறங்குவார். வெளியே வந்தால் ஒன்றரை மணித்தியாலம் அவர் பழைய மனிதர். அந்த நேரத்தை வீட்டில் இருந்து வீணாக்கமாட்டார். இறங்குதுறைவரை நடப்பார். அங்கே கரையில் நின்று வலையில் சிக்கியதைத் தெரிந்து எடுக்கிறவர்களோடு கதைத்துவிட்டு, சில நாள் கோயிலடியால் சுற்றிக்கொண்டு வருவார். ஒரு முறை புளியங்கூடல் பக்கம்வரை போய் வந்ததாகச் சொன்னார். எனக்குப் புளுகம், அவ்வளவு சந்தோஷம். "நடவுங்கோ, நல்லா நடவுங்கோ. நடந்தால்தான் கால் இறுகும்" என்று சொல்லி நான்தான் அனுப்பினேன்.

பிறகு ஒன்றரை மணித்தியாலம் ஒன்றாகியது. ஒன்று அரையாகியது. செபமாலையில் ஒரு பத்து மணி போதாது என்றார். இரண்டு பத்துச் சொன்னேன். சில வாரங்களில் ஐந்து தேவ இரகசியமும், ஐம்பது மணியும், சொல்லி முடியும்வரை ஐஸுக்குள் இருந்தார். நடுக்கம் நின்ற பிறகு அவருடைய முகத்தில் ஒரு அமைதி வரும். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தைப் பெட்டி விளிம்பில் சாய்த்துக்கொண்டு கிடப்பார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். எங்கள் ஊரில் கடல் கொண்டுபோய்த் திருப்பித் தந்த முகங்களை நான் கண்டிருக்கிறேன்.

"காணுமப்பா, எழும்புங்கோ."

"இன்னும் கொஞ்சம். இதுக்குள்ளதான் எனக்கு உடம்பு இல்லாமல் இருக்கு."

இது போதாது என்று அண்ணைக்குச் சொன்னேன். ஐஸ் தண்ணீர் வேறு, அந்த அறை வேறு என்றான். கொழும்பிலும் அப்படி ஒன்று வந்திருப்பதாகத் தேடிப் பார்த்து, அங்கேயிருந்தே எங்களுக்கு நாள் எடுத்துத் தந்தான்.

பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து ரயில் ஏறினோம். ஒரு உயர்ந்த கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தது அந்த இடம். வாசனைத் தண்ணீர் மணம். எங்களுக்கு முன் வந்திருந்தவர்கள் உடற்பயிற்சி செய்து திரண்ட இளம் பெடியள். ஒரு படிவம் தந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. இருதய வருத்தமா என்று கேட்டது விளங்கியது. மிச்சம் பாதி விளங்கவில்லை. எல்லாவற்றுக்கும் இல்லை என்று அடையாளம் போட்டேன். இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்களோ என்று பயம்.

அவருக்குக் கம்பளிக் காலுறையும் கையுறையும் காதை மூடும் பட்டியும் கொடுத்தார்கள். இத்தனை வருடம் கடலோடு கிடந்து கறுத்த உடம்பு. அந்த வெள்ளை வெளிச்சத்தில் அரைக் காற்சட்டையோடு நின்றபோது இடது தொடை மற்றத் தொடையின் பாதிதான் இருந்தது. அன்றுதான் அதை நான் முழுதாகக் கண்டேன். என்ன பாட்டுப் போட வேண்டும் என்று அங்கே வேலை செய்த பெண் கேட்டாள். "ஒண்டும் வேண்டாம் பிள்ளை" என்றார். கதவு மூடியது. கண்ணாடிக்கு அப்பால் புகார் எழும்பியது. மற்றவர்கள் உள்ளே துள்ளுவார்கள். இவர் நற்கருணைக்கு நிற்பவர்போல நெஞ்சில் கைகட்டி அசையாமல் நின்றார்.

வெளியே வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கடலடியில கூட இப்பிடி ஒரு குளிர் இல்லை," என்றார். தடி இல்லாமல் அந்த அறைக்குள் மூன்று சுற்று நடந்தார்.

உடற்பயிற்சி வைத்தியம் செய்யும் அம்மா ஒருவர் அங்கே இருந்தார். மலையகத்துத் தமிழ் பேசினார். இவர் நடப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றவர் என்னைத் தனியே அழைத்தார்.

"அக்கா, இவரு என்ன தொழில் செஞ்சவரு?"

"சுழியோடி."

"வலி போயிருச்சுன்னு சொல்றாரு. ஆனா நடையைப் பாருங்க, இடுப்பு ஒரு பக்கமா விழுது. எலும்பைப் படம் புடிச்சுப் பாத்தீங்களா?"

"ஆரம்பத்தில ஒருக்கா எக்ஸ்ரே எடுத்தது. ஒண்டும் இல்லையெண்டவை."

"ஸ்கேன் எடுங்க. எடுக்காம இனிமே இங்க கூட்டிட்டு வராதீங்க. இது வலிக்குத்தான். எலும்புக்கு இது ஒண்ணும் செய்யாது."

நான் அதை அவருக்கு உடனே சொல்லவில்லை. அவர் காலிமுகத்திடலுக்கு நடந்து போகலாம் என்றார். போனோம். இறால் வடை வாங்கித் தின்றோம். கடலோரக் கல்லணையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்து, "இந்தக் கடலுக்குள்ளயும் அட்டை கிடக்குமோ?" என்று கேட்டார். ஆறு மாதத்தில் தான் மறுபடி கடலுக்கு இறங்கலாம் என்றார். மூன்று சிலிண்டருக்கு மேல் போகமாட்டாராம். எனக்குச் சத்தியம் பண்ணித் தந்தார்.

திரும்பும் ரயில் அனுராதபுரம்கூடத் தாண்டவில்லை. யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"நோ வந்திட்டுது," என்றார். யாழ்ப்பாணம்வரை கையை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மா சொன்னதை அவருக்குச் சொன்னேன். பெரியாஸ்பத்திரியில் ஸ்கான் எடுக்க நாள் கிடைத்து, அதன் முடிவோடு கிளினிக்குக்குப் போனோம். எலும்பு டொக்டர் இளம் வயது. படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இவரைத் திரும்பிப் பார்த்து, "சுழியோடுறனீங்களோ?" என்று கேட்டார். நாங்கள் அதுவரை அவருக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

தொடை எலும்பின் தலையில் பந்துபோல ஒரு பகுதி இருக்கிறதாம். காற்றுக் குமிழிகள் அடைத்து அதற்குள் இரத்தம் போகாமல் அது செத்துவிட்டது. செத்த எலும்பு உடனே உடையாது. நாள் எடுக்கும். இவருடைய இடது பக்கப் பந்து மிதித்த முட்டைக்கோதுபோல உள்ளே விழுந்து கிடந்தது. வலது பக்கமும் செத்திருக்கிறது, இன்னும் விழவில்லை. இடது தோளிலும் ஒரு துண்டு.

"எப்ப டொக்டர் செத்தது?" என்று இவர் கேட்டார்.

"ஒரு நாளிலயாயும் இருக்கலாம். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாயும் இருக்கலாம். அது சொல்ல ஏலாது."

நான் ஐஸைப் பற்றிச் சொன்னேன். கொழும்பையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நோ குறைஞ்சிருக்கும். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. நோ இல்லாத நேரத்தில இவர் என்ன செய்தவர்?"

"நடந்தவர். நல்லா நடந்தவர்."

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். "அம்மா, செத்த எலும்பில பாரம் குடுக்கக்கூடாது. நோதான் ஆளை நடக்கவிடாமல் வைச்சிருக்கிறது. நோவை மறைச்சுப்போட்டு நடந்தால் அது நொறுங்கும்."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் நடவுங்கோ, நல்லா நடவுங்கோ என்று படலையைத் திறந்துவிட்டவள் நான். என் கணவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. என்னில் கோபம் என்று நினைத்தேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "நீர் சொல்லாட்டிலும் நான் நடந்திருப்பன்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு அவ்வளவு நேரம் தேவைப்பட்டிருக்கிறது.

செயற்கை மூட்டு வைக்கலாம் என்றார்கள். காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதினார்கள். அதுவரை கக்கத்தடி இரண்டோடும்தான் நிற்க வேண்டும், இடது கால் நிலத்தில் படக்கூடாது. ஐஸ் வைத்தாலும் துணிக்கு மேலே பத்து நிமிடம் மட்டும்.

அந்தக் கிழமை சம்மாட்டியார் தானே ஐஸ் கொண்டு வந்தார். நான் படலைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அறுபது வயது தாண்டிய மனிதர், கழுத்தில் செபமாலை.

"அண்டைக்கு நான்தான் கேட்டனான், தங்கச்சி. இன்னொருக்கா இறங்குவியோ எண்டு."

"ஓம். அவர் சொன்னவர்."

"கேட்டிருக்கக்கூடாது."

அவர் கேட்காவிட்டாலும் இவர் இறங்கியிருப்பார் என்று சொல்லியிருக்கலாம். இவரும் எனக்கு அப்படித்தானே சொன்னார். ஆனால் நான் "உள்ளுக்கு வாங்கோ, அவரைப் பாருங்கோ" என்றேன். அவர் ஐஸை இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வருடம்தான் அரசிடம் டொலர் இல்லாமல் நாடு முழுவதும் இருண்டது. டீசலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை. ஒரு நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லை. ஐஸ் தொழிற்சாலை சில நாள் ஓடியது, சில நாள் நின்றது. வள்ளங்கள் கரையில் கிடந்தன. ஆஸ்பத்திரியில் தைக்கும் நூலும் மருந்தும் இல்லை என்று ஒப்பரேசன்களைத் தள்ளி வைத்தார்கள். இருந்தும் எங்களுக்கு ஒரு நாள் குறித்து அறிவித்தல் வந்தது. ஐந்து கிழமைதான் இருந்தது. நான் அந்தத் தாளை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

அந்த நாட்களில் அவருடைய நோ உச்சத்தில் இருந்தது. வழக்கமான குளிசையும் கடைகளில் கிடைக்கவில்லை. பத்து நிமிட ஐஸ் அவருக்கு எந்த மூலைக்கும் காணாது. ஒரு புதன்கிழமை சம்மாட்டியார் எங்கேயோ அலைந்து ஒரு சிறிய ஐஸ்கட்டி கொடுத்து அனுப்பியிருந்தார். நான் முன்பள்ளிக்குப் போய்விட்டேன்.

ஐஸ் குறைவாக இருந்தால் அதில் உப்புப் போட வேண்டும் என்பது கடலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். உப்புப் பட்ட ஐஸின் குளிர் இரண்டு மடங்காகும். மீனைக் கல்லாக்கிவிடும். இவர் ஐஸை உடைத்து, ஒரு பொலித்தீன் பையில் போட்டு, குசினியில் இருந்த கறியுப்புப் பொதி முழுவதையும் கொட்டிக் கட்டி, இடது இடுப்புக்கும் தொடைக்கும் கீழே வைத்துக்கொண்டு அதன்மேல் படுத்திருக்கிறார். முதலில் எரிந்ததாம். பிறகு விறைத்துவிட்டதாம். விறைத்ததும் நோ போய்விட்டது. மாதக் கணக்கில் சரியாகத் தூங்காத மனிதர். அதன்மேலேயே நித்திரையாகிவிட்டார்.

நான் வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. அவர் நிம்மதியாகத் தூங்குவதைக் கண்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சத்தம் போடாமல் சோறு வடித்தேன். பிறகுதான் மெத்தை நனைந்திருப்பதைக் கண்டு போர்வையை விலக்கினேன். இடுப்பில் இருந்து தொடைவரை, என் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மெழுகுதிரி நிறத்தில் இருந்தது. தட்டினால் மரக்கட்டைபோலச் சத்தம் கேட்டது.

"இஞ்சேருங்கோ! என்னப்பா செய்தனீங்கள்?"

கண்ணைத் திறந்து, "நல்ல நித்திரை," என்றார்.

பின்னேரம் அது சிவந்தது. அடுத்த நாள் இரத்தக் கொப்புளங்கள். ஒரு கிழமையில் கறுத்தது. நெருப்புச் சுட்டால் வருகிற அதே புண், குளிராலும் வரும் என்று வார்ட்டில் சொன்னார்கள். கறுத்த தோலை வெட்டி எடுத்தார்கள். மற்றத் தொடையில் இருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். பாதி ஒட்டியது, பாதி ஒட்டவில்லை. சீழ் வைத்தது.

ஒப்பரேசன் நாள் வந்தபோது அவர் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். ஆனால் வேறு வார்ட்டில். எலும்பு டொக்டர் வந்து புண்ணைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"இதுக்கு மேலாலதான் நான் வெட்ட வேணும்," என்றார். "கிருமி இருக்கிற இடத்தில புது மூட்டு வைக்க ஏலாது. வைச்சால் காலே போகும். இது முழுசா ஆறட்டும், பாப்பம்."

"எவ்வளவு நாள் செல்லும் டொக்டர்?" என்று கேட்டேன்.

"ஆறட்டும்," என்றார்.

ஆற ஒன்பது மாதம் சென்றது. அதற்குள் வலது பக்கப் பந்தும் விழுந்துவிட்டது. அந்த டொக்டர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அவருக்குப் பிறகு வந்தவர் கிளினிக் கொப்பியை முதல் பக்கத்தில் இருந்து புரட்டினார். புண் ஆறிய இடத்தில் தோல் கடதாசிபோல மெல்லியதாக இருக்கிறது, வெட்டினால் மூடாது என்று பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை செய்பவரிடம் எழுதிக் கொடுத்தார். அவர் பார்த்துவிட்டு, எலும்பு டொக்டர் சொல்லட்டும் என்று திருப்பி எழுதினார். இப்போது நாங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு இடத்துக்கும் போய்வருகிறோம். வாடகை வாகனத்தில் அவரைப் படுக்கவைத்துக் கொண்டு போவேன். பண்ணைப் பாலத்தில் வரும்போது தலையைத் தூக்கி ஒரு தடவை கடலைப் பார்ப்பார். மற்றப்படி கண்ணை மூடியிருப்பார்.

அண்ணை இப்போதும் அழைப்பான். சென்ற மாரியில் யன்னலுக்கு வெளியே பனி கொட்டுவதைக் காட்டிக்கொண்டிருந்தவன், சட்டென்று ஃபோனைத் தன் முகத்துக்குத் திருப்பினான்.

"தங்கச்சி, உனக்கு ஒண்டு சொல்ல வேணும். எனக்கும் அது ரெண்டு மாசம்தான் வேலை செய்தது. பிறகு நோ முந்தினமாதிரி வந்திட்டுது. நீங்கள் ரெண்டு பேரும் அவ்வளவு நம்பிக்கையா இருந்தனீங்கள், நான் சொல்லேல்லை."

"கொழும்புக்கு நாள் எடுக்கேக்க உனக்குத் தெரியுமோ?"

அவன் ஃபோனை மறுபடி பனியின் பக்கம் திருப்பினான். கனடாவில் அப்போது விடியும் நேரம். அவனுக்குப் பின்னால் யாரோ தேத்தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது. நான் கோபப்படவில்லை. ஒரு மனிதனை நம்பிக்கையோடு வைத்திருக்க வேண்டும் என்று நினைப்பது எவ்வளவு இலகுவில் வருகிறது என்று எனக்கும் தெரியும். ஒவ்வொரு நாளும் படுக்கையைத் தட்டி விரித்துக்கொண்டு, "அடுத்த கிளினிக்கில நாள் தருவினம்" என்று அவருக்குச் சொல்கிறவள் நான்தானே. அவரும் ஓம் என்பார். நான் நம்பவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஐஸ் இப்போது வீட்டுக்கு வருவதில்லை. சம்மாட்டியார் போன வருடம் இறந்துபோனார். அடக்கத்துக்கு இவரால் போக முடியவில்லை. நான் போய்ப் பூ வைத்துவிட்டு வந்தேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து அவருக்கு உடம்பு துடைத்தேன். முதுகு, கை, மற்றக் கால் என்று துடைத்துக்கொண்டு இடது பக்கத்துக்கு வந்தபோது வழக்கம்போலக் கையை மெதுவாக்கினேன். அவர் என் கையைப் பிடித்து அந்தத் தழும்பின்மேல் வைத்தார். பளபளப்பாக, மயிர் இல்லாமல், சுருங்கிக் கிடக்கும் தோல்.

"நல்லா அமத்தும்," என்றார்.

அமத்தினேன்.

"கை வைச்சிருக்கிறீரோ?"

"ஓம். தெரியேல்லையோ?"

"இல்லை," என்றார். "இந்த ஒரு இடத்திலதான் ஒண்டும் இல்லை."

கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கச் சொன்னார். வாளியில் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. நான் கையை எடுக்காமல் கட்டில் ஓரத்தில் இருந்தேன். பிறகு அவர் பக்கம் மாறிப் படுக்க வேண்டும் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டார். நான் அவருடைய தோளுக்குக் கீழே கையைக் கொடுத்தேன்.